வளருற பிள்ளை என்று பெரிதாக வாங்கக் கூடாத ஒரு பொருள்

பிள்ளைகளுக்கு எதை வாங்கினாலும் ஓர் அளவு கூட்டி வாங்குவது எங்கள் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். பாடசாலைச் சப்பாத்து, குளிர் ஜக்கெற், சைக்கிள் எல்லாம் அப்படித்தான். "வளருற பிள்ளைதானே, அடுத்த வருசமும் போடட்டும்" என்று சொல்லிச் சொல்லி, சப்பாத்தின் நுனியில் பஞ்சு அடைத்துக்கொண்டு நடந்த தலைமுறை எங்களுடையது. மூன்று வருடங்களுக்கு முன்னர் என் மகள் கைற் சேர்ஃபிங் பழகத் தொடங்கியபோது அதே கணக்கில்தான் நான் அவளுக்கு ஹார்னஸ் வாங்கினேன். அப்போது அவளுக்கு 15 வயது. யாரோ பாவித்த பொருள், பெரியவர்களுக்கான அளவு, நல்ல மலிவு. விற்றவர், "வாரை இழுத்து இறுக்கினால் சரியாகிவிடும்" என்றார். நானும் நம்பிவிட்டேன்.

முதல் நாள் அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. கரைக்கு வந்த பிள்ளை இரண்டு கைகளாலும் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்பா, இது மேல மேல ஏறுது. மூச்சு எடுக்கேலாமக் கிடக்கு" என்றாள். பயிற்சியாளர் வந்து, ஹார்னசுக்கும் அவளுடைய முதுகுக்கும் இடையில் தன் கையை விட்டுப் பார்த்தார். கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போனது. "இது மகளின் ஹார்னஸ் இல்லை, உங்களுடையது" என்று என்னைப் பார்த்துச் சொல்லிச் சிரித்தார். சிரித்தாரே தவிர, அன்றைக்கு அவளைத் திரும்பத் தண்ணீருக்குள் விடவில்லை. இரவு தாய் பார்த்தபோது இரண்டு பக்க விலாவும் சிவந்து கன்றிப் போயிருந்தன. அந்தக் கோடை முழுவதும் அவள் கைற் பக்கமே போகவில்லை. நான் மிச்சம் பிடித்த காசு அவ்வளவையும் விழுங்கிவிட்டது அந்த ஒரு நாள்.

இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த விளையாட்டு இப்போது எங்கள் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது. டென்மார்க்கில் ஹேர்னிங் பக்கம் இருப்பவர்களுக்கு ரிங்கூபிங் ஃபியோட் ஒரு மணித்தியாலக் கார் ஓட்டம்தான். கடலுக்கும் உள்நீருக்கும் இடையில் ஒரு நீண்ட மணல் திட்டு, உள்ளே பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர், மேற்கிலிருந்து ஓயாத காற்று. பழகுபவர்களுக்கு இதைவிட வசதியான இடம் தேட வேண்டியதில்லை. ஜேர்மனியில் ஃபேமார்ன் தீவு, நெதர்லாந்தில் பிரவுவர்ஸ்டாம், பிரித்தானியாவில் பூல் துறைமுகம், சுவிசில் சில்வாப்பிளானா ஏரி, ரொறன்ரோவில் செரி பீச் என்று எங்கள் சனம் வாழும் நாடுகளில் எல்லாம் இதற்கென்று இடங்கள் உண்டு. 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் கைற் போட்டி முதல் தடவையாகச் சேர்க்கப்பட்டு மார்செய் கடலில் நடந்த பிறகு, "அப்பா, நானும் பழகப் போறன்" என்ற குரல் இன்னும் கூடியிருக்கும். கடல் என்றால் எங்களில் பலருக்கு வயிற்றுக்குள் ஒரு பயம் இருக்கிறது. அது வந்த காரணம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பிள்ளை கேட்டுவிட்டது. "வேண்டாம்" என்று சொல்வதைவிட, எந்தப் பொருளில் கவனமாக இருக்க வேண்டும் என்று அறிந்துவைத்திருப்பது பயன். அப்படிப் பார்த்தால் முதலில் வருவது ஹார்னஸ்.

ஹார்னஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இடுப்பைச் சுற்றிக் கட்டும் ஓர் அகலமான கச்சை. முன்னுக்கு ஓர் உலோகத் தண்டும் அதில் ஒரு கொழுக்கியும் இருக்கும். பட்டத்தின் நூல்கள் வந்து சேரும் கைப்பிடித் தண்டின் நடுவில் ஒரு வளையம் உண்டு. அந்த வளையத்தைக் கொழுக்கியில் மாட்டினால் பட்டத்தின் இழுவை கைகளுக்குப் போகாமல் இடுப்புக்குப் போகும். கைகள் பட்டத்தைத் திருப்புவதற்கு மட்டும்தான். ஜேர்மனியிலும் டென்மார்க்கிலும் வளரும் பிள்ளைகள் இதைத் 'ட்ரப்பேஸ்' என்பார்கள், பிரான்சில் 'ஆர்னே'. கடையில் எந்தப் பெயரைக் கேட்டாலும் பொருள் ஒன்றுதான்.

கையால் மட்டும் பட்டத்தைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. பொங்கல் காலத்தில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பெரிய பட்டம் ஏற்றியவர்களின் உள்ளங்கையைக் கேட்டால் தெரியும். 2021 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் பெரிய பட்டம் ஒன்றின் கயிற்றைப் பிடித்திருந்த இளைஞர் ஒருவர் அதோடு சேர்ந்து மேலே தூக்கப்பட்ட காணொளியை உலகமே பார்த்தது. அவரிடம் இருந்தது இரண்டு கைகள் மட்டும்தான். பிடித்துக்கொண்டு இருக்கவும் முடியாது, விடவும் முடியாது. கைற் சேர்ஃபிங்கில் இந்த இரண்டுக்கும் விடை வைத்திருக்கிறார்கள். இழுவையைச் சுமப்பதற்கு ஹார்னஸ், ஆபத்தென்றால் இழுவையைச் சட்டென்று விடுவதற்குக் கொழுக்கி வளையத்தின் மேலேயே ஓர் அவசர விடுவிப்பு. அந்த விடுவிப்பு தொப்புளுக்கு நேரே, கை தானாகப் போகும் இடத்தில் இருக்க வேண்டும். ஹார்னஸ் தளர்வாக இருந்து நெஞ்சு வரை ஏறிவிட்டால் விடுவிப்பும் அதோடு மேலே போய்விடும். அலைக்குள் தலை போய்வரும் நேரத்தில் ஒரு பிள்ளை அதைத் தேட வேண்டி வரும். என் மகளின் விலாவில் இருந்த கன்றலைவிட என்னைப் பயப்படுத்தியது பயிற்சியாளர் சொன்ன இந்த விளக்கம்தான். அளவு சரியில்லாத ஹார்னஸ் நோவு தரும் என்பது பாதி உண்மை மட்டுமே.

ஹார்னசில் பெரிதாக இரண்டு வகை. ஒன்று இடுப்பு ஹார்னஸ். நாரிப் பள்ளத்தில் உட்கார்ந்து, கடைசி விலா எலும்புக்குக் கீழேயும் இடுப்பெலும்புக்கு மேலேயும் சுற்றி நிற்கும். கால்களுக்கு ஒன்றும் கிடையாது. உடம்பைத் திருப்ப, குனிய, பாய எல்லாம் சுதந்திரம். அதனால்தான் கடற்கரையில் காண்பவற்றில் பெரும்பாலானவை இந்த வகை. மற்றது இருக்கை ஹார்னஸ். தொடைகளைச் சுற்றி இரண்டு வார்கள் வரும், பின்பக்கம் முழுவதையும் தாங்கும், கொழுக்கி சற்றுக் கீழே இருக்கும். பார்க்க அவ்வளவு வடிவாக இருக்காது, பிள்ளைகள் 'டயப்பர்' என்று பகிடி பண்ணுவார்கள். ஆனால் பழகத் தொடங்கும் ஒருவருக்கு இது பெரிய உபகாரம். காரணம் எளிது. பழகுபவர் அதிக நேரம் பட்டத்தைத் தலைக்கு நேர் மேலே வைத்திருப்பார். அப்போது இழுவை நேரே மேல்நோக்கி இருக்கும். இடுப்பு ஹார்னசைக் கீழே பிடித்துவைக்க இடுப்பெலும்பின் மேல் அது இறுகி நிற்பதைத் தவிர வேறொன்றும் இல்லை, எனவே மேலே ஏறப் பார்க்கும். தொடை வார் உள்ள ஹார்னஸ் ஏறாது. ஓடப் பழகியவருக்குப் பட்டம் பக்கவாட்டில் சரிந்து நிற்கும், இழுவையும் பக்கவாட்டுக்கு வந்துவிடும், அப்போது இடுப்பு ஹார்னஸ் போதும்.

இரண்டுக்கும் இடைப்பட்டதாகக் காற்சட்டை போல் தைத்த வகையும் உண்டு. இடுப்பு மெலிந்த சிறுவர்களுக்கும், இடுப்பே எங்கே என்று தேட வேண்டிய என் வயதுக்காரருக்கும் அது பொருத்தம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொப்பை உள்ள உடம்பில் இடுப்பு ஹார்னசை எவ்வளவு இறுக்கினாலும் அது வயிற்றின் வளைவில் வழுக்கி மேலே போகத்தான் பார்க்கும். உணவகத்திலும் துப்புரவு வேலையிலும் வருடக்கணக்காக நின்று நாரி நோவோடு இருப்பவர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து தாங்களும் பழக விரும்பினால், இழுவை கீழே இறங்கும் இருக்கை வகையை முதலில் போட்டுப் பாருங்கள். மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இடுப்பு வகைக்குள்ளேயே முதுகுப் பகுதி மென்மையானது, கடினமானது என்று பிரிவு இருக்கிறது. மென்மையானது உடம்பைச் சுற்றி வளைந்துகொள்ளும். பலத்த காற்றில் பக்கங்களிலிருந்து நெருக்கும், ஆனால் எந்த உடம்புக்கும் ஓரளவு ஒத்துப்போகும். கடினமானதில் முதுகுக்குக் காபன் நாரோ வேறு உறுதியான பொருளோ வைத்து ஓடு போலச் செய்திருப்பார்கள். இழுவை முதுகு முழுவதும் பரவும், விலாவை நெருக்காது, பல மணித்தியாலம் ஓடுபவர்களுக்குச் சுகம். விலையும் அதற்கேற்றபடி. மென்மையானது பெரும்பாலும் 150 முதல் 250 யூரோவுக்குள் கிடைத்தால், காபன் ஓடு 400 யூரோவைத் தாண்டும். ஆனால் ஓட்டின் வளைவும் உங்கள் நாரியின் வளைவும் ஒன்றாக இல்லாவிட்டால் அந்த 400 யூரோவும் ஒரே புள்ளியில் குத்திக்கொண்டிருக்கும். மென்மையானது மன்னிக்கும், கடினமானது மன்னிக்காது. வளரும் பிள்ளைக்குக் கடின ஓடு வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு வருடத்தில் முதுகின் நீளமே மாறிவிடும்.

இனி அளவு. காற்சட்டை அளவைச் சொல்லி ஹார்னஸ் வாங்காதீர்கள். காற்சட்டை நிற்கும் இடம் வேறு, ஹார்னஸ் நிற்கும் இடம் வேறு. தையல் நாடாவை எடுத்துத் தொப்புளைச் சுற்றி, வயிற்றை எக்காமல், சாதாரணமாக மூச்சுவிட்டபடி அளக்க வேண்டும். அந்தச் சென்ரிமீற்றரைக் கொண்டுபோய் அந்தந்த நிறுவனத்தின் அட்டவணையில் பார்க்க வேண்டும். மிஸ்ரிக், அயன், டக்கைன், மனேரா என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வெட்டு. ஒருவரின் 'மீடியம்' உங்களுக்கு அளவாக இருந்தால் இன்னொருவரின் 'மீடியமும்' அளவாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இரண்டு அளவுகளுக்கு நடுவில் விழுந்தால் சிறியதை முதலில் போட்டுப் பாருங்கள். புதுப் பொருளின் உட்பஞ்சு சில நாள் பாவனையில் அமுங்கிக் கொஞ்சம் இளகும், ஒருபோதும் சுருங்காது. இந்த இடத்தில்தான் எங்கள் 'வளருற பிள்ளை' கணக்கு நேர் எதிராகப் போகிறது.

வெற்சூட்டை மறந்துவிட்டு அளப்பவர்கள் பலர். வட ஐரோப்பியத் தண்ணீரில் 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள வெற்சூட் போட்டுத்தான் வருடத்தின் பெரும்பகுதி இறங்க வேண்டியிருக்கும். சுற்றிவர 5 மில்லிமீற்றர் என்றால் இடுப்பின் சுற்றளவில் சுமார் 3 சென்ரிமீற்றர் கூடுகிறது. இறுக்கும்போது அந்த றப்பர் அமுங்கும் என்பதால் முழுவதும் கூடாது, ஆனாலும் கணக்கில் எடுக்க வேண்டும். சரியான வழி, வெற்சூட்டைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் அதைப் போட்டபடியே ஹார்னசைப் போட்டுப் பார்ப்பதுதான். வெட்கமாக இருக்கும், கடைக்குள் வியர்க்கும். பரவாயில்லை, கடைக்காரருக்கு அது பழக்கம்.

மறுபக்கம் ஒன்று இருக்கிறது. யூலை, ஓகஸ்ற் விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் இப்போது பிள்ளைகளோடு கற்பிட்டிக்கும் ஒரு நடை போய் வருகிறார்கள். மே தொடக்கம் ஒக்ரோபர் வரை சோளகக் காற்று வீசும் காலம் அங்கே கைற் பருவம், களப்பும் ஆழமில்லாதது. ஆனால் அங்கே யாரும் வெற்சூட் போடுவதில்லை, மெல்லிய மேற்சட்டையும் அரைக் காற்சட்டையும்தான். டென்மார்க் குளிரில் சரியாக இருந்த ஹார்னஸ் அங்கே திடீரென்று தளர்ந்துவிடும். வார்களில் இன்னும் இழுக்க இடம் இருந்தால் சமாளிக்கலாம், ஏற்கனவே முடிவு வரை இழுத்திருந்தால் வழியில்லை. இன்னொன்று, வெறும் தோலில் ஹார்னசின் விளிம்பு உரசினால் உப்புத் தண்ணீரில் ஒரே நாளில் தோல் உரிந்துவிடும். மேற்சட்டையைக் கட்டாயம் போட்டு, அதைச் சுருக்கமில்லாமல் கீழே இழுத்துவிட்டு, அதற்கு மேல் ஹார்னசைக் கட்டச் சொல்லுங்கள்.

முன்னால் உள்ள உலோகத் தண்டை யாரும் கவனிப்பதில்லை. நானும் கவனிக்கவில்லை. பல ஹார்னஸ்களில் இந்தத் தண்டைத் தனியாகத்தான் வாங்க வேண்டும், அதற்கும் அளவுகள் உண்டு. போட்டு இறுக்கிய பிறகு முன்னால் பாருங்கள். கச்சையின் இரண்டு ஓரங்களும் ஒன்றையொன்று முட்டக் கூடாது, நடுவில் இடைவெளி இருக்க வேண்டும், அந்த இடைவெளியை மூடியபடி தண்டு நிற்க வேண்டும். ஓரங்கள் முட்டிவிட்டால் அதற்கு மேல் இறுக்க முடியாது, அப்படியானால் கச்சை பெரிது. வார் முடிவு வரை வந்தும் இன்னும் தளர்வு என்றால் தண்டு அகலம், ஓர் அளவு குறுகியதை மாற்றிக் கேளுங்கள். தண்டுக்கு இரண்டு பக்கமும் வார் நீளமாகத் தெரிந்தால் ஒன்றில் கச்சை சிறிது, அல்லது தண்டு குறுகியது. சிலவேளை ஹார்னஸ் சரியாக இருக்கும், தண்டு மட்டும் பிழையாக இருக்கும். முழு ஹார்னசையும் பிழை சொல்லித் திருப்பிக் கொடுப்பார்கள். தண்டுக்குப் பின்னால் தடித்த பஞ்சு மெத்தை இருப்பது நல்லது. இழுவை கூடும்போது தண்டின் கீழ்விளிம்பு வெளியே திரும்பி மேல்விளிம்பு விலாவில் குத்தப் பார்க்கும், மெத்தையும் கீழ் வாரும் அதைத் தடுக்கும்.

கட்டுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. கச்சையை நாரிப் பள்ளத்தில் வைத்து, அது முதுகில் நடுவாக இருக்கிறதா என்று பார்த்து, உட்புற ஒட்டுப் பட்டியை முதலில் நன்றாக இழுத்து ஒட்ட வேண்டும். அதன் பிறகுதான் தண்டைப் பூட்டி, இடமும் வலமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் வலித்து இறுக்கினால் கொழுக்கி நடுவில் நிற்காது. கொழுக்கி தொப்புளுக்கு நேரே அல்லது ஒரு விரல் கீழே வர வேண்டும். ஆழமாக ஒரு மூச்சு எடுக்க முடிய வேண்டும், ஆனால் கச்சைக்கும் முதுகுக்கும் இடையில் கை போகக் கூடாது. தண்ணீரில் இறங்கிப் பத்து நிமிடம் கழித்து ஒருக்கால் திரும்ப இறுக்க வேண்டியிருக்கும், அது வழமை.

இனி மிக முக்கியமான சோதனை. கைற் கடைகளில் கூரையிலிருந்தோ சுவரிலிருந்தோ ஒரு கயிறு தொங்கும். அது அலங்காரத்துக்கு இல்லை. அதில் கொழுக்கியை மாட்டி, முழங்காலை மடித்து, பின்னுக்குச் சாய்ந்து உடம்பின் பாரத்தை முழுவதும் ஹார்னசில் போட வேண்டும். ஒரு நிமிடம் இல்லை, ஐந்து பத்து நிமிடம். முதல் நிமிடத்தில் எல்லா ஹார்னசும் சுகமாகத்தான் இருக்கும். நான்காவது நிமிடத்தில்தான் இடுப்பெலும்பில் எங்கோ ஒரு குத்து, விலாவின் ஓரத்தில் ஒரு நெரிப்பு தெரியவரும். இடமும் வலமும் உடம்பைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு நேராக நிற்கவைத்து, கொழுக்கியைப் பிடித்து மேல்நோக்கி நீங்களே பலமாக இழுத்துப் பாருங்கள். இரண்டு விரல் அளவு நகர்ந்தால் பிழையில்லை. விலாவைத் தொட்டுவிட்டால் அதைக் கழற்றி வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். இணையத்தில் வாங்குகிறீர்கள் என்றால் வீட்டில் உறுதியான ஒரு கம்பியில் கயிறு கட்டி இதையே செய்யலாம். விலைச்சீட்டை வெட்டாமல் செய்யுங்கள், திருப்பி அனுப்ப வேண்டி வரலாம்.

பெண் பிள்ளைகளுக்கு இரண்டு விசயங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெண்களுக்கென்று செய்யப்படும் ஹார்னசில் இடுப்பு வளைவு கூட, ஓரங்கள் விரிந்து இடுப்பெலும்புக்கு இடம் விடும். நிறத்தை மட்டும் மாற்றி விற்கிறார்கள் என்று நான் நினைத்தது பிழை. அதற்காக எல்லாப் பெண்களுக்கும் அதுதான் பொருந்தும் என்றும் இல்லை, நேரான உடம்புவாகு உள்ளவருக்கு ஆண்களுக்கான வெட்டு நன்றாக இருக்கும். மற்றது, இது இடுப்பிலும் தொடையிலும் இறுக்கும் பொருள். பிள்ளை கூச்சப்பட்டு "சரி, காணும்" என்று சொல்லிவிட்டுத் தளர்வாகவே போய்விடும். தாயோ பெண் பயிற்சியாளரோ கூட நிற்பது நல்லது. அதைவிட நல்லது, தானே சரியாக இறுக்கப் பழக்கிவிடுவது. கடற்கரையில் நாங்கள் எந்நாளும் நிற்கப்போவதில்லை.

பாதுகாப்பு அங்கி பற்றியும் ஒன்று. பிள்ளைக்கு மிதவை அங்கி போடாமல் விட எங்களுக்கு மனம் வராது. சாதாரணப் படகுப் பயண அங்கி நீளமாக வந்து கொழுக்கியையும் விடுவிப்பையும் மூடிவிடும், அது ஆபத்து. கைற்றுக்கென்று இடுப்புக்கு மேலோடு நிறுத்தி வெட்டிய அங்கி இருக்கிறது, அதையே வாங்குங்கள். ஹார்னசையும் அங்கியையும் சேர்த்துப் போட்டுப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு விடுவிப்பைத் தொடச் சொல்லுங்கள். முதல் தடவையிலேயே கை அங்கே போக வேண்டும். பட்டத்தோடு இணைக்கும் பாதுகாப்பு நாடாவை மாட்ட முன்பக்கத்தில் ஒரு வளையம் இருக்கிறதா, நூல் சிக்கினால் அறுக்க ஒரு சிறு கொக்கிக் கத்தி வைக்கும் பை இருக்கிறதா, பின்னால் பயிற்சியாளர் பிடிப்பதற்கு ஒரு கைபிடி இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்பக்கமாக நாடா மாட்டும் முறையைப் பெரிய பிள்ளைகள் செய்வதைப் பார்த்துச் சின்னவர்களும் கேட்பார்கள். பழகுகிற காலத்தில் அது வேண்டாம்.

பாவித்ததை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்கு இரண்டு வருடத்துக்கு ஒருக்கால் மாற்ற வேண்டிய பொருளுக்குப் பாவித்ததுதான் புத்தி. அளவு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வாரை உலோகத்துக்குள் விடும் இடத்தில் நார் பிசிறியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் முதலில் தேயும். கொழுக்கி வளைந்திருந்தாலோ, அது தண்டோடு சேரும் பற்றில் வெடிப்போ துருவோ இருந்தாலோ அந்தத் தண்டை வேண்டாம் என்று சொல்லுங்கள். வாரை இறுக்கிவிட்டுப் பலமாக இழுத்தால் பூட்டு வழுக்குகிறதா பாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகும், ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிட்டால் பல வருடம் உழைக்கும். வெயிலில் போட்டுவைத்தால் நூலும் பஞ்சும் சீக்கிரம் கெட்டுவிடும். உப்போடு கார் டிக்கியில் விட்டுவிட்டு அடுத்த கிழமை எடுத்தால், மணத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

எவ்வளவு காலம் ஒன்று தாங்கும் என்று கேட்பீர்கள். வளரும் வயதில் ஒவ்வொரு வசந்தத்திலும் பருவம் தொடங்க முன்னர் அளவு நாடாவை எடுங்கள். நிறையக் குடும்பங்கள் சேர்ந்து போகிற ஊராக இருந்தால் பிள்ளைகளுக்கிடையில் மாற்றிக்கொள்ளலாம். ஒருவருக்குச் சிறுத்தது இன்னொருவருக்கு அளவாக வரும். எங்கள் பக்கம் நான்கு குடும்பங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். பழகும் காலத்தில் சொந்தமாக வாங்காமல் பயிற்சி நிலையத்தின் ஹார்னசையே பாவிப்பதும் கெட்டித்தனம். பல பாடங்களின் கட்டணத்துக்குள் அதுவும் அடக்கம், இரண்டு மூன்று வகையைப் போட்டுப் பார்த்த அனுபவமும் பிள்ளைக்குக் கிடைக்கும்.

மகள் அடுத்த வருடம் வைகாசியில் திரும்பத் தண்ணீருக்குள் இறங்கினாள். முதல் மூன்று வகுப்பும் பயிற்சி நிலையத்தின் பழைய இருக்கை ஹார்னசோடு. டயப்பர் என்ற பகிடியை அவளே முதலில் சொல்லிச் சிரித்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை தாயும் அவளும் கடைக்குப் போய், நாலு ஹார்னஸ் போட்டுக் கயிற்றில் தொங்கிப் பார்த்து, நான் வாங்கியதைவிட இரண்டு அளவு சிறியதை எடுத்துக்கொண்டு வந்தார்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அந்தப் பெரிய ஹார்னசைப் போன கோடையில் நான் ஒருக்கால் கட்டிப் பார்த்தேன். பயிற்சியாளர் சொன்னது பிழை, அது எனக்கும் அளவில்லை, வயிற்றில் வழுக்குகிறது. இப்போது அது விற்பனைக்கு இருக்கிறது. விளம்பரத்தில் இடுப்பின் அளவைச் சென்ரிமீற்றரில் எழுதி, "வளரும் பிள்ளைகளுக்கு அல்ல" என்று கீழே ஒரு வரியும் போட்டிருக்கிறேன்.